கப்பலுக்கு ரூல்ஸ் எடுத்துவிட்டார்கள்

அம்பத்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். ஆபீஸ் என்றால் ஒரு ஹால், நாலு போன், ஒரு தண்ணி கேன், அவ்வளவுதான். முதலாளி முன்பு திருப்பதிக்கும் ஆறுபடை வீட்டுக்கும் டூர் பஸ் விட்டவர். கொரோனாவில் பஸ் நின்றுபோனதும், ஹார்பரிலிருந்து கிளம்பி இரண்டு நாள் கடலில் சுற்றிவிட்டு அதே ஹார்பருக்குத் திரும்புகிற சொகுசுக் கப்பலுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற வேலையை எடுத்தார். நான் ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள். குரல் நன்றாக இருக்கிறது என்று போனில் உட்காரவைத்தார். அப்பா செத்து ஆறு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. வீட்டில் நானும் அம்மாவும்தான். யாராவது ஒருத்தி வேலைக்குப் போயே ஆகவேண்டும்.

போனுக்கு மேலே சுவரில் ஒரு பேப்பர் ஒட்டியிருக்கும். கூப்பிடுகிறவர்களிடம் அதை வரிசையாகச் சொல்லவேண்டும். இரண்டு ஊசி போட்ட சர்ட்டிபிகேட் வேண்டும். ஏறுவதற்கு முன்னால் மூக்கில் குச்சி விட்டு டெஸ்ட் எடுக்கவேண்டும். உள்ளே மாஸ்க் போடவேண்டும். நான் டெஸ்ட் என்கிற இடத்துக்கு வந்ததுமே அந்தப் பக்கம் இருப்பவர் நிறுத்திவிடுவார். பாசிட்டிவ் என்று வந்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பார். வீட்டிலேயே இருக்கவேண்டியதுதான் என்பேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிடுவார். ஒரு முறை ஆறு பேர் புக் செய்த குடும்பத்தில் சின்னப் பையனுக்கு மட்டும் பாசிட்டிவ் வந்து ஆறு பேரும் நின்றுபோனார்கள். அந்தக் கதை எப்படியோ பரவி, அந்த மாதம் போனே அடிக்கவில்லை. நோய்க்கு யாரும் பயந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. அந்தக் குச்சிக்குத்தான் பயந்தார்கள்.

நோய்க்குப் பயந்தது நாங்கள்தான். அதுவும் தாமதமாக.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில், தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் வேலை செய்தார். இரண்டாவது அலையில் மூச்சு வாங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். வாசலிலேயே அவரை வாங்கிக்கொண்டு எங்களை அனுப்பிவிட்டார்கள். நாலாவது நாள் போன் வந்தது. முகத்தைக் காட்டவில்லை. சுடுகாட்டில் கவுன் போட்டவர்கள் எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். நான், அம்மா, அப்பாவோடு வேலை செய்த ஒருவர், மூன்றே பேர். சுற்றிக்கட்டிய பைக்குள்ளே இருந்தது அப்பாதானா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் வரும்.

அம்மாவுக்கு ஒரே அண்ணன். வேப்பம்பட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் புருஷன் செத்தால் கருமாதி அன்றைக்குப் பொம்பளைக்குப் பொறந்த வீட்டிலிருந்து கோடி வரவேண்டும். கோடி என்றால் ஒரு புதுப் புடவைதான். ஆனால் அதை அண்ணனோ தம்பியோ கொண்டுவந்து போர்த்தினால்தான் அவளுக்குப் பின்னால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு மாமா வரவில்லை. போன் செய்தார். "ரூல்ஸ் போட்டுகீறாங்க பாப்பா. பாஸ் இல்லாம வண்டி எடுத்தா புடிச்சிடுவான். எல்லாம் எடுத்தப்பறம் மொத ஆளா வந்து நிப்பேன்னு அம்மாகிட்ட சொல்லு" என்றார். அது பொய்யும் இல்லை. ரூல்ஸ் இருந்தது, பாஸ் கேட்டார்கள். அதனால் அவர்மேல் கோபப்படக்கூட எனக்கு வழி இல்லாமல் போனது. பக்கத்து போர்ஷன் அக்கா தான் ஒரு புடவை எடுத்துத் தருவதாகச் சொன்னார். அம்மா வேண்டாம் என்றுவிட்டது. அண்ணன் வரும் என்றது.

அன்றிலிருந்து அம்மா கல்யாணம், காதுகுத்து, சீமந்தம் எதற்கும் போகவில்லை. கோடி போடாதவள் எப்படிப் போவது என்று கேட்கும். ரேஷன் கடை, கோயில் வாசல், வீடு. டிவியில் ஏதாவது தளர்வு என்று சொன்னால் மட்டும் சத்தத்தைக் கூட்டிவைக்கும். ஒயின் ஷாப் திறந்தார்கள், பஸ் விட்டார்கள், டிரெயின் எல்லோருக்கும் விட்டார்கள், தியேட்டர் திறந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் அம்மா அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டைத் துடைத்துப் போடும். மாமா மறுபடியும் கேஸ் ஏறுகிறது என்றார். வருஷ தெவசத்துக்கு பிரஷர் என்றார். நாங்கள் இருக்கிற மண்ணூர்பேட்டைக்கும் வேப்பம்பட்டுக்கும் நடுவில் ஏதோ கடல் இருக்கிற மாதிரி.

அப்புறம் ஒரு நாள் முதலாளி சிவப்புப் பேனாவோடு வந்து, சுவரில் இருந்த பேப்பரில் டெஸ்ட் என்கிற வரியை அடித்தார். மாஸ்க் என்கிற வரியையும் அடித்தார். இனிமேல் விலையை அப்புறம் சொல், டெஸ்ட் கிடையாது என்பதை முதல் வார்த்தையாகச் சொல் என்றார்.

சொன்னேன். போன் வைக்க நேரமில்லாமல் அடித்தது. பூந்தமல்லியிலிருந்து ஒரு பாய் வீட்டில் பதினாலு பேர், ஹலால் சாப்பாடு உண்டா என்பது மட்டும்தான் அவர்கள் கேள்வி. ஆவடியில் சேர்ந்து வாக்கிங் போகிற ரிட்டயர் ஆனவர்கள் ஒரு கூட்டம். ஒரே ஒரு பெரியவர், திருமுல்லைவாயல்காரர், ஏற்கெனவே புக் செய்ததை வேண்டாம் என்றார். டெஸ்ட் எடுத்து ஏற்றினால் வருவேன், யார் யார் எதை வைத்துக்கொண்டு ஏறுகிறார்கள் என்று தெரியாமல் எப்படியம்மா வருவது என்று கேட்டார். அவர் சொல்வது எனக்கு சரியாகப் பட்டது. சரி சார் என்று சொல்லிவிட்டேன். ஒரு வார்த்தை பேசி மடக்காமல் விட்டுவிட்டாயே என்று முதலாளி அன்றைக்கு முழுக்கத் திட்டினார்.

அந்த வாரத்தில்தான் அந்த போன் வந்தது. "இன்னாம்மா, டெஸ்ட்டுலாம் கெடையாதுன்னு வாட்ஸாப்புல போட்டுகீது, நெசமா?" முதல் வார்த்தையிலேயே குரல் தெரிந்துவிட்டது. ஆனாலும் வாய் தானாக ஓடியது. டெஸ்ட் கிடையாது சார், மாஸ்க் கட்டாயம் இல்லை சார், எல்லாம் எடுத்துவிட்டார்கள் சார் என்று எல்லாவற்றையும் மாமாவிடம் சொன்னேன்.

"அப்டின்னா பத்து பேர் போட்டுக்கம்மா. ரெண்டு வருசமா ஊட்லயே அடைஞ்சி கெடந்து பேஜாரா பூட்சி."

"மாமா, நான்தான் பேசறேன்" என்றேன்.

சிரித்தார். "நீயா பாப்பா? அங்கதான் வேல செய்றியா? சொல்லவே இல்ல பாரு. அப்ப நம்ம ஆளு, பாத்து கம்மி பண்ணிக் குடு. ஜன்னல் வெச்ச ரூமா போடு." அம்மா எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்பார் என்று இரண்டு முறை சும்மா இருந்து பார்த்தேன்.

அப்போது ஒரு வேலை செய்தேன். ஆதார் கார்டை போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினால் போதும், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். நான் மாமாவிடம், நகல் எல்லாம் நேரில் கொடுக்கவேண்டும் என்று புது ரூல்ஸ் வந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே கொண்டுவந்துவிடுங்கள் என்றேன். எல்லா ரூல்ஸும் போனபிறகு ஒரு ரூல்ஸ் நான் போட்டேன். வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டால், வெறும் கையோடு வர மாட்டார் என்று நினைத்தேன். அந்த நினைப்போடு நிறுத்தியிருக்கலாம். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். மாமா ஞாயிற்றுக்கிழமை வருகிறார் என்று மட்டும் சொன்னேன், எதற்கு என்று சொல்லவில்லை.

ஞாயிறு காலையில் அம்மா தலைக்குக் குளித்து, அப்பா போட்டோவைத் துடைத்து, பாய் விரித்துவைத்தது. பதினொரு மணிக்குக் கார் வந்தது. மாமாவும் அத்தையும் இறங்கினார்கள். நான் கேட்டைத் திறந்தேன். அத்தை மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றபடி என்னிடம் சொன்னது.

"உள்ள வரலடி. துக்கமே இன்னும் கேக்கல. ஒரு நல்லதுக்குப் போற நேரத்துல துக்கம் கேட்டுகினு போனா போற எடம் வெளங்குமா? கப்பலுக்குப் போய்ட்டு வந்து மொறையா வரோம்."

துக்கம் கேட்காதவர்கள் வேறு வேலையாக அந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதற்காகவாவது அவர்கள் துக்கம் கேட்பார்கள் என்று நினைத்தேன். அதை வைத்தே வெளியில் நிற்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அம்மா வெளியே வந்தது. முதலில் மாமாவின் கையைத்தான் பார்த்தது. ஆதார் நகல் போட்ட ஒரு பிளாஸ்டிக் கவர் இருந்தது.

"டெஸ்ட்டு கிஸ்ட்டுலாம் எடுத்துட்டாங்களாமேண்ணா?"

"ஆமாம்மா, எல்லாம் எடுத்துட்டாங்க. இப்ப ஒண்ணும் கெடையாது. ஃப்ரீயா போலாம், வரலாம்."

"என் ஊட்டுக்கு மட்டும் இன்னும் எடுக்கலியாண்ணா?"

மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை காரைப் பார்த்தது. இன்னாம்மா இப்படிப் பேசுகிறாய் என்று முனகிவிட்டு, கவரைக் கேட்டுக்கு மேலாக என் கையில் கொடுத்தார். ஜன்னல் ரூம் என்று ஞாபகப்படுத்தினார். கார் திரும்ப இடமில்லாமல் சந்தில் பின்னாலேயே போனது, ரொம்ப நேரம். அம்மா அதுவரைக்கும் கேட்டில் நின்றது.

அந்தக் கவரைக் கிழித்துப் போடுகிறேன் என்றேன். அம்மா வாங்கி மடித்து என் ஹேண்ட்பேக்கில் வைத்தது. டிக்கெட் போட்டுக் கொடுத்துவிடு, இல்லாவிட்டால் உன் வேலை போகப்போகிறது என்றது. போட்டேன். ஜன்னல் இருக்கிற அறை காலியாகத்தான் இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டு, கீழ் மாடியில் ஜன்னல் இல்லாத அறைகளாகப் பார்த்துப் போட்டேன். அற்பம்தான். என்னால் முடிந்தது அதுதான்.

கப்பலிலிருந்து வந்த நாலாவது நாள் காலையில் மாமா கூப்பிட்டார். பேச்சைவிட இருமல் அதிகமாக இருந்தது. பத்து பேரில் எட்டு பேருக்குக் காய்ச்சல், அத்தைக்கு வாசனையே தெரியவில்லை என்றார். டெஸ்ட் எடுத்தீர்களா என்று கேட்டேன். இப்போது அதையெல்லாம் எவன் எடுக்கிறான் என்றார். "இந்த வாரம் வரலாம்னுதான் இருந்தேன் பாப்பா. ஒங்கம்மாவுக்கு ஒட்டிக்கினா இன்னா பண்றது, அதான் பாக்கறேன்" என்றார்.

ஒரு வருஷமாக மனசுக்குள்ளே சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் தொண்டைவரைக்கும் வந்தன. வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா போனை வாங்கிக்கொண்டது.

"ண்ணா, மொதல்ல ஒடம்பப் பாத்துக்க. சுடுதண்ணி குடி. அண்ணிகிட்டயும் சொல்லு." அதே குரலில் மேலே சொன்னது. "கோடி எடுக்காத. எடுத்துகினு வந்தாலும் நான் வாங்க மாட்டேன். கோவத்துல சொல்லல. நான் பாத்துகினு இருந்தது போதும்ணா."

அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. மாமா என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார், அம்மா சரி சரி என்று வைத்துவிட்டது.

அன்றைக்குப் பக்கத்து போர்ஷன் அக்கா மகளுக்கு வளைகாப்பு. அம்மா பீரோவைத் திறந்து, அப்பா கடைசி தீபாவளிக்கு எடுத்துக்கொடுத்த, ஒரு தடவைகூடக் கட்டாத புடவையை எடுத்துக் கட்டியது. கோடி போடாமல் போகலாமா, யாராவது ஏதாவது சொல்லப் போகிறார்கள் என்று நானே கேட்டேன். சொல்லட்டும் என்றது. மடிப்பு சரியாக இருக்கிறதா என்று என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னது. நான் உட்கார்ந்து மடிப்பைப் பிடித்துவிட்டேன். அம்மா தன் கணக்கை முடித்துக்கொண்டு வளைகாப்புக்குப் போய்விட்டது. சொல்லாமல் போன என் வார்த்தைகளை யாரிடம் போய்க் கொட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன்.