நாலு நட்சத்திரம் போட்ட குற்றவாளி

போன ஞாயிற்றுக்கிழமை. இத்தாலியில், பலெர்மோ நகரில் தமிழ்ப் பூசை முடிந்து தேவாலய வாசலில் நிற்கிறேன். ஒரு கையில் பிளேன் டீ, மறு கையில் ரோல்ஸ். எதிரே பிலோமினா. அழுத கண்கள்.

“ஆரோ ஒரு அறுவான் நாலு போட்டிட்டான் அக்கா. அஞ்சு போட்டா கை தேஞ்சிடுமோ?”

வாய்க்குக் கொண்டுபோன ரோல்ஸைக் கீழே இறக்கிவிட்டேன். ஏனென்றால் அந்த அறுவான்... நான்தான்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

ஓய்வு பெற்றதும் ஐரோப்பாவை ரயிலில் தனியாகச் சுற்றப்போகிறேன் என்று கிளம்பியவள் நான். ரயில் ஒரு பிரச்சினையே இல்லை. ஏறினால் போகும். பிரச்சினை எல்லாம் இறங்கிய பிறகுதான் – எங்கே படுப்பது? வியன்னாவில் எட்டுப் பேர் படுக்கும் அறையில் மேல் அடுக்குப் படுக்கை கிடைத்தது. ஐம்பத்தொன்பது வயதில் ஏணியில் ஏறிவிட்டேன். இறங்கத்தான் இரண்டு கொரியப் பெண்கள் தேவைப்பட்டார்கள்.

அதன் பிறகு மூன்று விதிகள் வகுத்துக்கொண்டேன். ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை. அறை பிடிக்கும் ஆப்பில், தனியாகத் தங்கிய ஒரு பெண்ணாவது நல்லபடியாக எழுதியிருக்க வேண்டும். வெந்நீர் வைக்க கெட்டில் வேண்டும். இத்தாலியில் முதல் இரண்டும் கிடைத்துவிடும். கெட்டில் மட்டும் கிடைக்காது. காபி போட ஆளுக்கொரு அலுமினியக் குடுவை வைத்திருப்பவர்களுக்கு, வெறும் வெந்நீரை ஏன் குடிக்க வேண்டும் என்பதே புரிவதில்லை.

பலெர்மோ இருப்பது சிசிலித் தீவில். அங்கே ரயிலையே துண்டு துண்டாகப் பிரித்துக் கப்பலில் ஏற்றிக் கடல் தாண்டிக் கொண்டுவருகிறார்கள். அந்தப் பரவசத்தில் இருந்ததால் அறை விவரத்தைச் சரியாகப் படிக்கவில்லை. பல்லரோ சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடம். நாலாவது மாடி. லிஃப்ட் இல்லை. எல்லாம் அதில் தெளிவாக எழுதித்தான் இருந்ததாம்.

கீழே என் பெட்டியோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் சாவியோடு பிலோமினா வந்தாள். நாற்பது வயதிருக்கும். ஒல்லி. தங்க வருபவரின் பாஸ்போர்ட்டைப் படம் எடுத்துப் போலீஸுக்கு அனுப்ப வேண்டும் என்பது இந்த ஊர்ச் சட்டம். படம் எடுத்தவள் பாஸ்போர்ட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நீங்கள் தமிழோ?”

“ஆமாம்மா. மதுரை.”

“நான் மன்னார். இஞ்சை வந்து பதினாலு வருசம். பெட்டியை விடுங்கோ அக்கா, நான் கொண்டு வாறன்.”

விடமாட்டேன் என்றேன். ஆனால் இரண்டாவது மாடியில் விட்டுவிட்டேன். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஏறிப்போனவள், மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போனாள். வீட்டுக்காரியான சின்யோரா இந்தப் பக்கமே வருவதில்லை. மூன்று அறைகள். சாவி, துடைப்பம், படுக்கை விரிப்பு எல்லாம் பிலோமினா பொறுப்பு. தங்கிப்போகும் விருந்தாளிக்கு ஆப்பில் மதிப்பெண் போடுவதுகூட அவள்தான். யார் அறையை எப்படி வைத்திருந்தார்கள் என்று சின்யோராவுக்கு எப்படித் தெரியும்?

அறை பளிச்சென்று இருந்தது. கெட்டில் இல்லை என்று முகம் சுளித்தேன். மறுநாள் காலை மேசையில் ஒரு கெட்டில் இருந்தது. போர்கோ வெக்கியோவில் இருக்கும் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்கிறாள்.

பதிலுக்கு நான் என்ன செய்தேன்? குளியலறையில் வெள்ளம் விட்டேன். ஷவர் என்று சொல்லி ஒரு கண்ணாடிக் கூண்டு வைத்திருக்கிறார்கள். அதற்குள் நின்று குளித்தால் எனக்குக் குளித்த மாதிரியே இருப்பதில்லை. தண்ணீர் பாட்டிலைக் குறுக்கே வெட்டி, சொம்பு மாதிரி மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டேன். தண்ணீர் கதவிடுக்கு வழியாகக் கட்டில் கால் வரை போய்விட்டது. பிலோமினாதான் முழங்கால் போட்டுத் துடைத்தாள்.

இரண்டு நாள் தங்கினேன். கிளம்பும்போது, ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு வரச்சொன்னாள். நான் கோயிலுக்கே எப்போதாவது போகிற ஆள். இருந்தாலும் ரோல்ஸ் உண்டு என்றதும் சம்மதித்துவிட்டேன்.

அங்கிருந்து ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற கடற்கரை ஊருக்குப் பஸ். மீன் சாப்பிட வேண்டும் என்று அங்கே இரண்டு நாள் திட்டம். பஸ்ஸில் போகும்போது ஆப் கேட்டது – தங்கிய இடம் எப்படி?

அருமை என்றுதான் தோன்றியது. ‘சுத்தமான அறை. மிக நல்ல கவனிப்பு. படிகள் அதிகம்’ என்று எழுதி, நாலு நட்சத்திரம் போட்டேன். பெரிய மனது பண்ணிப் போட்டதாக ஒரு திருப்தி வேறு.

நான் முப்பது வருஷம் தமிழ் ஆசிரியை. பொதுத்தேர்வு விடைத்தாளை மூட்டை மூட்டையாகத் திருத்தியவள். எங்கள் காலத்தில் தமிழில் நூற்றுக்கு நூறு என்று ஒன்று கிடையவே கிடையாது. எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் எங்காவது ஒரு ஒற்றுப்பிழையைத் தேடிப்பிடித்து அரை மார்க்காவது குறைத்தால்தான் தூக்கம் வரும். ஐந்துக்கு நாலு என்றால் எண்பது மார்க். டிஸ்டிங்ஷன். இதைவிட என்ன வேண்டும்?

அந்த டிஸ்டிங்ஷனைத்தான் தேவாலய வாசலில் பிலோமினா எனக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.

“நாலு எண்டா ஃபெயில் அக்கா. சராசரி இறங்கினா அறையைத் தேடுற ஆக்களுக்கு எங்கடை வீடு கீழைதான் தெரியும். சின்யோரா போன் எடுத்துக் கத்தினவா. இனி வேலையை ஒரு ஏஜென்சிக்குக் குடுக்கப்போறாவாம். வாற மாசம் நான் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க வேணும். வேலைக் கடிதம் இல்லாட்டி அதிலை கை வைக்கேலாது. என்ன செய்யிறதெண்டே தெரியேல்லை.”

பெர்மெஸ்ஸோ என்றால் இங்கே தங்கியிருக்க அனுமதிச் சீட்டு. பதினாலு வருஷ வாழ்க்கை அந்த ஒரு அட்டையில் இருக்கிறது.

“அந்தப் பக்கத்து அறை ஜெர்மன்காரராத்தான் இருக்கும்” என்றாள்.

பேசாமல் தலையாட்டிவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்திருக்கலாம். ஒரு நிமிஷம் அந்த யோசனையும் வந்தது – பொய் சொல்லமாட்டேன். ஆனால் பாவம், ஜெர்மன்காரர் என்ன செய்தார்?

“பிலோமினா... அது நான்தான்.”

அவள் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஏனக்கா? அறை ஊத்தையா இருந்ததோ?”

“இல்லை.”

“நான் ஏதும் பிழையாக் கதைச்சனானோ?”

“இல்லவே இல்லை. படி... நிறைய இருந்துச்சு.”

சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. அந்தப் படியில் என் பெட்டியைச் சுமந்தவளிடம் சொல்கிறேன்.

போட்ட நட்சத்திரத்தை மாற்ற வழியில்லை என்று ஆப் கைவிரித்துவிட்டது. மறுநாள் காலை சின்யோரா வீட்டுக்கே போனோம். அறுபத்தைந்து வயது, முத்து மாலை, மடியில் குரைக்கும் நாய். எனக்கு இத்தாலியன் தெரியாது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் யார்? சம்பந்தப்பட்டவளேதான்.

பிலோமினாவைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினேன். பெட்டி, கெட்டில், வெள்ளம், விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லாதது – ஒன்று விடவில்லை. அவள் அதை நாலே வார்த்தையில் இத்தாலியனில் சொல்லி முடித்தாள்.

“அவ்வளவுதானா?” என்றேன்.

“ஓம் அக்கா. என்னை நானே எப்பிடிப் புகழுறது?”

“நீங்க எங்க புகழுறீங்க? நான் புகழுறேன். நீங்க ஸ்பீக்கர் மாதிரி. சொன்னதை அப்படியே சொல்லுங்க.”

தரையைப் பார்த்துக்கொண்டு, காது சிவக்க, ஒவ்வொன்றாகச் சொன்னாள். கெட்டில் என்ற இடத்தில் சின்யோரா நிமிர்ந்தார். அவருக்கு அது தெரியாது போலிருக்கிறது. இவ்வளவும் நன்றாக இருந்தால் ஏன் நாலு என்று கேட்டார்.

தமிழ் விடைத்தாள் கதையை, எண்பது மார்க் டிஸ்டிங்ஷன் உட்படச் சொன்னேன். சின்யோரா ஏதோ படபடவென்று பொரிந்தார். நாயும் சேர்ந்து குரைத்தது.

“அவவின்ரை லத்தீன் டீச்சர் பத்துக்கு எட்டுக்கு மேலை ஒருத்தருக்கும் போட்டதில்லையாம்” என்றாள் பிலோமினா. “இப்பவும் அந்த மனுசியை நினைச்சாக் கோவம் வருமாம்.”

சின்யோரா என்னை அந்த டீச்சரைப் பார்ப்பது போலவே பார்த்தார். ஆனால் மனசு இளகிவிட்டது. ஏஜென்சி வேண்டாம், வேலைக் கடிதம் தருகிறேன் என்றார். ஒரு நிபந்தனை. இன்று இரவு அறை காலியாக இருக்கிறது. காசு கட்டித் தங்கிவிட்டு ஐந்து போட வேண்டும். சிசிலிக்காரி சும்மா விடுவாரா?

மறுபடி நாலு மாடி. இந்த முறை பெட்டியை நானே தூக்கினேன். மாடிக்கு ஒரு முறை உட்கார்ந்து ஏறியதில் அரை மணி ஆனது. காலையில் கிளம்பும் முன் ஐந்து நட்சத்திரம் போட்டேன். வாழ்க்கையில் முதல் முறை. விரல் கொஞ்சம் தயங்கியது உண்மை.

நேற்று நேப்பிள்ஸ் போகும் ரயிலில் போன் கிணுகிணுத்தது. வீட்டுக்காரர் விருந்தாளிக்குப் போட்ட மதிப்பெண்: நாலு. ‘நல்ல மனுஷி. குளியலறையில் இரண்டு முறை வெள்ளம்.’

உடனே பிலோமினாவுக்குப் போன் போட்டேன்.

“கடிதம் கையிலை வந்திட்டுது அக்கா. வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் குடுக்கப்போறன்.”

“ரொம்பச் சந்தோஷம். அது சரி... எனக்கு நாலா?”

“ஓம். எண்பது மார்க். டிஸ்டிங்ஷன் எல்லோ?”

சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். நானும் சிரித்தேன். ஆனால் ஸ்டேஷன் வரும்வரை திரும்பத் திரும்பப் போனை எடுத்து அந்தக் காலி நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரை மார்க் குறைந்தால் இப்படி வலிக்கும் என்று முப்பது வருஷத்தில் ஒரு பிள்ளைகூட என்னிடம் வந்து சொல்லவில்லையே...