அண்ணனிடம் இல்லாத தேதி

என் அண்ணன் லிப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலே அனுப்புகிறவன் என்று வீட்டில் கேலி செய்வோம். அவனுக்குச் சிரிப்பு வராது. "அப்படிச் சொல்லாதே பாப்பா, கேக்கவே நல்லா இல்ல" என்பான். எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவனுக்கு நான் இன்னும் பாப்பாதான்.

பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போவான், பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கத் திரும்பி வருவான். நான் மாடியில் குடியிருக்கிறேன், அவனும் அண்ணியும் கீழே. அவன் கேஸ் குழாயைத் திருகிப் பார்க்கிற சத்தத்தை வைத்தே அவன் படுக்கப் போகிறான் என்று கண்டுபிடித்துவிடுவேன். ஆனால் அந்தப் பயம்தான் அவனுக்குச் சோறு போட்டது. மொட்டை மாடி மெஷின் ரூமுக்குள் போனால் பிரேக்கைத் தொட்டுப் பார்க்காமல் வெளியே வரமாட்டான். ஓடுகிற ரோப்பின்மேல் ஒரு துணியை மெதுவாகப் பிடிப்பான். கம்பி இழை எங்கேயாவது விட்டிருந்தால் துணியைக் கவ்வும், காட்டிக்கொடுத்துவிடும். அவன் கை வைத்த லிப்டில் கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம் என்று கம்பெனியில் சொல்வார்கள். அவன் மட்டும் ஏறினால் கண்ணை மூடமாட்டான். உள்ளங்கையைச் சுவரில் வைத்து, வைத்தியர் நாடி பார்ப்பது போல நிற்பான்.

நாங்கள் பிறந்ததிலிருந்து ஒரே சபை. கைக்குழந்தையில் தலையில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம், பள்ளிக்கூடம் படிக்கிற வயதில் திடப்படுத்தல், அதற்குப் பிறகு நற்கருணை. பழைய பாதிரியார் ஐயா ஜெபப் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பார். நாங்கள் எங்கள் பங்கை வாசிப்போம், "ஆண்டவரே, எங்களுக்கு இரங்கும்" என்போம், வீட்டுக்கு வந்து சாப்பிடுவோம். அண்ணனுக்குக் கதவோரக் கடைசி பெஞ்சு. நீ இரட்சிக்கப்பட்டாயா என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், சம்பளம் எவ்வளவு என்று கேட்டது போல முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்போம்.

பிறகு புதுப் பாஸ்டர் வந்தார். ஆர்கனுக்குப் போர்வை போர்த்தி மூலையில் தள்ளினார்கள், அந்த இடத்தில் டிரம்ஸ் வந்து உட்கார்ந்தது. ஜெபப் புத்தகங்கள் அலமாரிக்குள் போயின, சுவரில் திரை இறங்கியது. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆராதனைக்கு நடுவே சாட்சி என்று ஒன்றைக் கொண்டுவந்தாரே, அதுதான் எங்கள் வீட்டைப் பிடித்து ஆட்டியது. வாரம் ஒரு குடும்பம் மைக் முன்னால் நிற்க வேண்டும். எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டேன் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். குழந்தையில் தெளித்த தண்ணீர் கணக்கில் வராதாம். தேதி இல்லாதவர்களுக்குப் பரலோகமும் இல்லையாம்.

"பொறந்த தேதி தெரியாதவங்க உண்டா?" என்று கேட்டார் பாஸ்டர். "அப்போ மறுபடியும் பிறந்த தேதி மட்டும் எப்படித் தெரியாமப் போகும்?"

கெட்ட மனிதரில்லை. யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் முதல் ஆளாக ஓடுவார். அதனால் அவர்மேல் முழுசாகக் கோபப்படக்கூட முடியாது. அந்தக் கோபமும் சேர்ந்து எனக்கு இரட்டிப்பாக வரும்.

அண்ணியிடம் தேதி இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு எழுப்புதல் கூட்டத்தில், இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றபோது கை தூக்கியவள். யார் கேட்டாலும் போன் நம்பர் மாதிரி கடகடவென்று சொல்வாள். அண்ணன் தன் தேதியைத் தேட ஆரம்பித்தான். வேலை முடிந்து கிரீஸ் வாசனையோடு நேரே மாடிக்கு வந்து என் நாற்காலியில் உட்காருவான்.

"ஒரு தடவை லிப்ட் குழிக்குள்ள விழுந்தேனே, அது சேருமா பாப்பா?"

"விழுந்தப்போ ஆண்டவரை நினைச்சியா?"

யோசித்தான். "ஸ்பேனர் எங்க போச்சுன்னுதான் நினைச்சேன்."

இன்னொரு நாள் வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டான். "அப்பா அம்மாவுக்குத் தேதி ஏது? அவங்க எங்க இருக்காங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உனக்கு வேற வேலை இல்லையா? போய்ச் சாப்பிடு" என்று விரட்டினேன். அவன் போன பிறகு எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த நேரம் பார்த்து அண்ணியின் வயிற்றில் கட்டி என்றார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன விதத்திலேயே நாங்கள் பயந்துவிட்டோம். திங்கட்கிழமை ஆபரேஷன். அதற்கு முந்தின ஞாயிறு எங்கள் வீட்டுச் சாட்சி. தள்ளிவைக்கலாம் என்று பாஸ்டரே சொன்னார், அண்ணிதான் வேண்டாம் என்றுவிட்டாள்.

அரிசி களைந்துகொண்டே அண்ணனிடம் சொன்னாள், நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். "உங்க வாயால ஒரு தேதி கேட்டுட்டா நிம்மதியா உள்ள போவேன். நான் திரும்பி வரலைன்னாலும் பின்னாடியே நீங்க வந்து சேருவீங்கன்னு தெரியணும்ல?"

அண்ணன் தண்ணீர் குடித்தான். குடித்த டம்ளரிலேயே மறுபடியும் பிடித்துக் குடித்தான்.

ஞாயிறு அண்ணி முதலில் பேசினாள், தேதியைச் சொன்னாள், கை தட்டினார்கள். நான் தொண்டை சரியில்லை என்று ஜாடை காட்டித் தப்பித்தேன். அண்ணன் மைக்கைப் பிடித்தான். அவன் மூச்சு ஸ்பீக்கரில் புஸ் புஸ் என்று கேட்டது.

"எந்த நாள் பிரதர்?" என்று பாஸ்டர் அன்பாகக் கேட்டார்.

"மார்ச் பதினெட்டு" என்றான் அண்ணன்.

டிரம்ஸ்காரர் ஒரு தட்டுத் தட்டினார். பாஸ்டர் "அல்லேலூயா" என்று இவனைக் கட்டிப்பிடித்தார். அண்ணி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள், வீடு வந்து சேரும்வரை அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று எல்லாருமே நினைத்தோம்.

அவள் பையில் துணி அடுக்கப் போனதும் நான் மாடிப்படியில் அண்ணனை மடக்கினேன். "மார்ச் பதினெட்டு என்ன நடந்துச்சு? எனக்குத் தெரியாம?"

படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "ஆஸ்பத்திரி லிப்டுக்கு ரோப் மாத்தினேன்."

"என்னது?"

"நாளைக்கு அவளை அதுலதானே மேல கொண்டு போவாங்க. வாரம் பூரா அந்த ரோப்பைத்தான் மனசுல ஓட்டிப் பாத்துட்டு இருந்தேன். மைக்கைப் பிடிச்சதும் வேற ஒரு தேதியும் வாயில வரல பாப்பா."

சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. "சரி, விடு. நாளைக்குக் கழியட்டும், அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம். இப்போ வாயைத் திறந்து அவங்களைக் கலங்க வைக்காதே."

"பொய்த் தேதி சொன்னது, ரோப்பை மாத்தாமலே மாத்திட்டேன்னு சொன்ன மாதிரி இருக்கு. அவ அதை நம்பி ஏறப் போறா." கைகளை முழங்காலில் தேய்த்துக்கொண்டே இருந்தான். "அவ அங்க போய் எனக்காகக் காத்துக்கிட்டு நின்னா? நான் வரவே இல்லைன்னா?"

வாயை மூடிக்கொண்டு இரு என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அன்றைக்கு அண்ணி வேறு சும்மா இருக்கவில்லை. துவைத்த துணியை மடிக்கும்போது ஒரு தரம், சாப்பாட்டுத் தட்டில் ஒரு தரம், "மார்ச் பதினெட்டு, இல்லையாங்க?" என்று கேட்டாள். ஒவ்வொரு தரமும் அவன் தலையை ஆட்டினான். பார்க்கச் சகிக்கவில்லை.

மறுநாள் பச்சை அங்கி போட்டு அண்ணியைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்தார்கள். வார்டு ஊழியர் ஒருவர் தள்ள, அண்ணனும் நானும் கூடவே லிப்டுக்குள் நுழைந்தோம். கதவு மூடியது. ஆஸ்பத்திரி லிப்ட், ஆடாமல் அசையாமல் மெதுவாகத்தான் போகும். அண்ணன் வழக்கம்போல உள்ளங்கையைச் சுவரில் வைத்தான். மற்ற கை அண்ணியின் தோளில் இருந்தது. சொல்லிவிடப் போகிறான் என்று தெரிந்தது, வேண்டாம் என்று நான் கண்ணைக் காட்டினேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை.

"அந்த மார்ச் பதினெட்டு," என்றான். "அன்னிக்கு இந்த லிப்டுக்கு ரோப் மாத்தினேன். அவ்வளவுதான் நடந்துச்சு. எனக்குத் தேதி கிடையாது. எவ்வளவோ தேடிப் பாத்துட்டேன். இல்ல."

அவனை ஓங்கி ஓர் அறை விடலாம் போல இருந்தது எனக்கு. வார்டு ஊழியர் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணி கூரை விளக்கைப் பார்த்தபடி கிடந்தாள். "ரோப் நல்ல ரோப்பா?" என்றாள்.

"நல்லது."

"நேத்து நான் எதுக்கு அழுதேன்னு நினைச்சீங்க?"

"சந்தோஷத்துல."

"கிழிச்சுது. முதல் கூட்டத்துல கை தூக்கினேன். வீட்டுக்கு வந்ததும் அது நிஜமாவே பலிச்சுதா இல்லையான்னு சந்தேகம். அடுத்த வருஷமும் தூக்கினேன். அதுக்கு அடுத்த வருஷமும். அப்புறம் வெக்கமாப் போச்சு, நடுவுல இருந்த தேதியைச் சொல்ல ஆரம்பிச்சிட்டேன். இத்தனை வருஷமா அதைத்தான் சொல்லிட்டு இருக்கேன். நேத்து நீங்க அப்படிப் பட்டுன்னு சொன்னீங்களா, இவருக்கு நிஜத் தேதி கிடைச்சிடுச்சு, இவர் உள்ள போயிடுவாரு, நான்தான் வெளிய நிக்கப் போறேன்னு அழுதேன்."

லிப்ட் நின்றது. தரைக்கும் லிப்டுக்கும் ஒரு நூல் இடைவெளிகூட இல்லாமல் நின்றது. கதவு திறந்ததும் ஊழியர் எங்களைத் தடுத்தார். "இதுக்கு மேல நீங்க வரக்கூடாது சார்."

"போய் உட்காருங்க" என்றாள் அண்ணி. "உங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல. எங்க இருந்தாலும் ஒண்ணாத்தான் இருப்போம்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே வண்டி உள்ளே போய்விட்டது.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். லிப்ட் வரும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அண்ணன் தலையைத் தூக்கி, மோட்டார் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டு மறுபடி குனிந்துகொள்வான். நான் பயத்தில் ஜெபம் செய்யப் பார்த்தேன், என்ன கேட்பது என்றே தெரியவில்லை.

ஒருவழியாக டாக்டர் வெளியே வந்தார். கட்டியை முழுசாக எடுத்தாயிற்று என்றார். "முழிச்சிட்டாங்க. தண்ணி கேக்கறாங்க, இப்பக் குடுக்க முடியாது."

அண்ணன் பெஞ்சிலிருந்து எழுந்தான். அப்படியே மண்டியிட்டுவிட்டான். "ஆண்டவரே, எங்களுக்கு இரங்கும்" என்றான். புத்தகத்தில் எங்கள் பங்குக்கு இருந்த அதே வரி. ஐயா முன்னால் வாசிக்காமல், பக்கத்தில் ஒருவரும் சேர்ந்து சொல்லாமல், அவன் தனியாக அதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. வழியில் போனவர்கள் ஒதுங்கிப் போனார்கள். அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தான், அழுதுகொண்டே சொன்னான். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

பிறகு சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பி வருகிற அதே பார்வை.

"பாப்பா, இன்னிக்கு என்ன தேதி?"

அவன் தலைக்கு நேர் மேலே காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது.

"தெரியலைண்ணா" என்றேன். "வா, அண்ணியைப் போய்ப் பாக்கலாம்."