மைக்கைக் கொடுக்காத பால்பாண்டி

ஒரு ஏலக்காயைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டுதான் பால்பாண்டி மைக்கைப் பிடிப்பார். சிறப்பு விருந்தினர் பேச வந்தாலும் மைக்கின் அடிப்பாகம் அவர் கையில்தான் இருக்கும். விடவே மாட்டார்.

மற்ற நாளில் அவர் போடியிலிருந்து குரங்கணிக்கு மேலே, ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர். சிலமலையில் கபடிப் போட்டி என்றால் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வர்ணனைக்கு உட்கார்ந்துவிடுவார். வாய் ஓயாது. "வர்றாரு பாரு அமாவாசை! காலையில மூணு தடவ இட்லி வாங்கித் தின்ன ஆளு, இப்ப பாயுறாரு பாரு! யாருப்பா அது, பைக்க வெரசா எடுங்கப்பு!" மைதானம் சிரிக்கும்.

செல்போனில் நேரலை பார்ப்பவர்கள் சிரிப்பதில்லை. 'அண்ணே, கொஞ்சம் மூச்சு விடுங்க', 'எங்களுக்கும் கண்ணு இருக்கு' என்று கீழே எழுதுகிறார்கள். ஒன்றுவிடாமல் படிப்பார். படித்த அன்று சோறு இறங்காது.

போன வருடம் ரோஷப்பட்டு ஓர் ஆட்டம் முழுக்க அடக்கி வாசித்தார். அன்று பார்த்துத்தான் உள்ளூர் அணி ஆட்டக்காரன் சுருளி தோள்பட்டை தரையில் மோத விழுந்தான். வெறும் சுளுக்கு. ஆனால் மலையில் ஏலக்காய் எடுத்துக்கொண்டிருந்த அவன் அம்மா சோலையம்மாளின் போனில் படம் ஓடாது; அங்கே கிடைக்கிற சிக்னலுக்குக் குரல் மட்டும்தான் வரும். 'சுருளி விழுந்துட்டான்' என்றதோடு பால்பாண்டி பேச்சை நிறுத்திக்கொள்ள, அந்தக் குரலும் நின்றுவிட்டது. மகனைக் கூப்பிட்டாள், அவன் போன் பைக்குள் கிடந்து அடித்தது. கூடையைப் போட்டுவிட்டுக் குரங்கணி வரை நடந்தே இறங்கினாள்.

மறுநாள் காலை ஜீப்பில் ஏறியதும் கேட்டாள்: "என்னத்தையாச்சும் பேசியிருக்கலாம்லண்ணே? எம்புள்ள இருக்கானா இல்லையான்னு தெரியாம நடந்து வந்தேனே!"

அன்றிலிருந்து சும்மா இருப்பதென்றாலே பால்பாண்டிக்குப் பயம்.

இந்த வருடம் கமிட்டித் தலைவர் முத்துப்பாண்டி கறாராகச் சொல்லிவிட்டார். "பேச்சக் கொறைங்கண்ணே. இன்னைக்கும் திட்டு வந்துச்சுன்னா நாளைக்கு ஃபைனலுக்கு வேற ஆளுதான். மனசுல வச்சுக்கிறாதீங்க."

பால்பாண்டி பாயிண்டை மட்டும் சொன்னார். முத்துப்பாண்டியைப் பார்ப்பதும், இன்றும் சோலையம்மாள் காய் எடுத்துக்கொண்டிருந்த மலையைப் பார்ப்பதுமாக இருந்தார். எதிரணி சுருளியின் காலைத் தொட்டாலே நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிடுவார்.

மூன்று மணி ஆட்டத்தில் சுருளியை நாலு பேர் சேர்ந்து அமுக்கினார்கள். நாலு பேரும் எழுந்தார்கள். அவன் எழவில்லை.

பால்பாண்டி மைக்கை வாயோடு ஒட்டினார். "சோலையம்மா, இரு ஆத்தா! கூடைய கீழ வைக்காத, பாத்துச் சொல்றேன்! கண்ணத் தொறந்துட்டான்... ஒக்காந்துட்டான்... தண்ணி கேக்குறான்!" பேசிக்கொண்டே மேசையைத் தள்ளிவிட்டு ஆடுகளத்துக்கு ஓடினார். நிறுத்தச் சொல்லி முத்துப்பாண்டி கையை ஆட்டியது கண்ணில் படத்தான் செய்தது. பால்பாண்டியின் கவலையெல்லாம், தான் சொல்வதைச் சோலையம்மாள் நம்புவாளா என்பதுதான்.

மண் அப்பிய முகத்தோடு உட்கார்ந்திருந்த சுருளியின் முன்னால் மண்டியிட்டார். "பேசு மாப்ளே, ஒங்கம்மா கேக்குது" என்று மைக்கை அவன் கையில் வைத்து, தன் கையை எடுத்துக்கொண்டார்.