நகர்ந்து போன கேக்

போன வருடத்துக்கு முந்தின வருடம் டிசம்பர், கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. புதுச்சேரிப் பக்கம் அரியாங்குப்பத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மாட்டுக்கொட்டகையைக் காபிக்கடையாக மாற்றித் திறந்த நாள். இதை எழுதும்போதே எனக்குக் கை பரபரக்கிறது!

மாமனார் இருந்தவரை மாடுகள் நிறைந்திருந்த கொட்டகை. அவருக்குப் பிறகு மாடுகளை விற்றுவிட்டோம், உடைந்த சைக்கிளும் பழைய கட்டிலும் போடும் இடமாகிவிட்டது. ஒருநாள் ஒட்டடை அடிக்கப் போனவள், ஓட்டுச் சந்து வழியாக வெயில் இறங்கி அந்தக் கருங்கல் தரையில் விழுவதைப் பார்த்தேன். அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துவிட்டது. இங்கே மேசை நாற்காலி போடலாம், தீவனத் தொட்டி மேல் பலகை வைத்து ஜாம், ஊறுகாய், மண் கோப்பை, கைத்தறித் துண்டெல்லாம் விற்கலாம் என்று கணவரின் உயிரை வாங்கினேன்.

ஒரே சிக்கல். கொட்டகையில் பாதி, பிரான்சில் இருக்கும் கணவரின் அண்ணனுக்குச் சொந்தம். இங்கே புதுச்சேரி மேட்டுப்பாளையத்துக் கம்பெனி ஒன்று குடோனுக்குக் கேட்டிருந்தது. தலைவலி இல்லாமல் அதற்கே விட்டுவிடலாம் என்பது அவர் எண்ணம். நான் போனில் கெஞ்சிக் கூத்தாடியதில், கிறிஸ்துமஸுக்கு வருகிறேன், திறக்கிற அன்றைக்கு நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார். அதாவது, அந்த ஒரு நாளில் அவரை அசத்தியாக வேண்டும்.

தரையில் மட்டும் கை வைக்கக்கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றேன். டைல்ஸ் போடலாம் என்ற கொத்தனாரிடம் சண்டையே போட்டேன். மேசைகள் வந்து இறங்கியதும்தான் விஷயம் தெரிந்தது. கோமியமும் கழுவின தண்ணீரும் வாய்க்காலுக்கு ஓடுவதற்காகத் தரையைச் சரிவாகப் போட்டிருக்கிறார்கள். டம்ளரை வைத்தால் அது பாட்டுக்கு நகர்கிறது! ஆசாரியைக் கூப்பிட்டு, ஒவ்வொரு மேசைக்கும் மேட்டுப்பக்கம் வரும் இரண்டு கால்களை மட்டும் அறுத்துக் குட்டையாக்கினோம். மேசைகள் மட்டமாக நின்றன. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

திறப்பு நாளன்று பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். அவருக்கு வழிவிடுவதற்காகச் சொந்தக்காரர்கள் மேசைகளைத் தூக்கி ஓரம் கட்டினார்கள். அவர் கிளம்பியதும் மளமளவென்று திரும்பக் கொண்டுவந்து போட்டார்கள். நான் காபி போடுகிற மும்முரத்தில் கவனிக்கவில்லை. அத்தனை மேசையையும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள், குட்டைக் கால்கள் பள்ளத்துப் பக்கம்!

கூட்டமோ கூட்டம். கோயில் பாடகர் குழு, தெருக்காரர்கள், பெங்களூரிலிருந்து சுற்றிப்பார்க்க வந்த ஒரு குடும்பம். நடு மேசையில் பிளம் கேக். கணவரின் அண்ணன்தான் வெட்ட வேண்டும். கத்தியை எடுத்தார். கேக் மெதுவாக அவரை விட்டு நகர ஆரம்பித்தது. பக்கத்து மேசையிலிருந்து ஒரு டம்ளர் கிளம்பி, காபியோடு போய் வாய்க்காலில் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. போச்சு, இனி குடோன்தான் என்று நின்றேன்.

அவர் ஒரு கையால் கேக்கைப் பிடித்து நிறுத்தினார். குனிந்து மேசைக்கடியில் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். நிமிர்ந்தபோது தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். ‘பரவாயில்லை’ என்பது அவர் வாயில் பிரெஞ்சில்தான் வரும்.

“சவா, சவா, ஒண்ணும் ஆவல. இந்தக் கொட்டாயில தலை மேட்டுல இருக்கணும், வாலு பள்ளத்துல இருக்கணும். நீங்க எல்லா மாட்டையும் திருப்பிக் கட்டி வச்சிருக்கீங்க.”

சொல்லிக்கொண்டே சட்டைக் கையை மடித்துவிட்டு மேசையின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையைப் பெங்களூர்க்காரர் பிடித்தார். அப்புறம் கேட்க வேண்டுமா, முன்பின் தெரியாதவர்களெல்லாம் கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டு மேசையைத் திருப்புகிறார்கள், ஒரே சிரிப்பு. திருவிழா மாதிரி ஆகிவிட்டது. அதன் பிறகு கணவரின் அண்ணனைப் பிடிக்க முடியவில்லை. இந்த இடத்தில்தான் கறவை மாடு என்னை உதைத்தது, இந்த மூலையில்தான் சாணி அள்ளாமல் ஒளிந்துகொள்வேன் என்று மேசை மேசையாகப் போய்க் கதை சொன்னார். பேச்சோடு பேச்சாக என் ஜாம் பாட்டில்களையும் விற்றுக் கொடுத்தார்.

கூட்டம் கலைந்ததும் தயங்கித் தயங்கி அவரிடம், குடோன்காரருக்கு என்ன சொல்லப்போகிறீர்கள் மாமா என்று கேட்டேன்.

“குடோனா? இங்க ஒக்கார எடம் பத்தல. இன்னும் ரெண்டு மேசை போடும்மா.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஊருக்குத் திரும்புவதற்கு முன் அவரே பெயிண்ட் வாங்கிவந்து, ஒவ்வொரு மேசைக்கடியிலும் ஒரு பக்கம் ‘தலை’, மறுபக்கம் ‘வால்’ என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு எல்லாம் நான் நினைத்தபடி ஒழுங்காக நடந்திருந்தால் அவர் ஒரு துண்டு கேக் சாப்பிட்டுவிட்டு விருந்தாளியாகவே கிளம்பியிருப்பார் என்று, மேசையைத் துடைக்கக் குனியும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.