தேசிக்காயில் ஏறிய ஸ்ட்ரீட்கார்

சுரண்டல்

பழைய ஸ்ட்ரீட்காரின் பெயின்றைச் சுரண்டினால் அடியில் வருவது இன்னொரு பெயின்ற்தான். சிவப்புக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே மண்ணிறம். கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் இல்லையென்று வேலை மறுக்கப்பட்டவர்களே, அதைத் தேடித்தான் நானும் சனிக்கிழமைகளில் ரொறன்ரோவுக்கு வெளியே ஒரு டிராம் மியூசியத்தில் சம்பளமில்லாமல் சுரண்டினேன். ஸ்காபரோவிலிருந்து என்னைக் காரில் ஏற்றிவரும் தேவன் அண்ணையும் கூடச் சுரண்டினார். மத்தியானம் மீசையெல்லாம் சிவப்புத் தூளோடு நிமிர்ந்தார்.

"தம்பி, ஊரில எஞ்சினியரா இருந்தனான். இஞ்ச வந்து டிராமுக்குச் சேவ் எடுக்கிறன்."

இறகு

அந்த வண்டி பல வருடம் ஒரு பண்ணையில் கோழிக்கூடாக இருந்தது. எந்த இருக்கையைத் தூக்கினாலும் இறகு பறந்தது. எங்களுக்குப் பொறுப்பான பில், ஓய்வுபெற்ற ஸ்ட்ரீட்கார் ஓட்டுநர். ஒருநாள் மோட்டரைத் துடைத்தபடியே சொன்னார்:

"ஞாயிற்றுக்கிழமை நிர்வாகக் குழு வருகிறது. அன்று இது தானாக ஓடாவிட்டால் திங்கட்கிழமை பழைய இரும்புக்காரன் வருவான். முட்டை ஏதும் கிடந்தால் இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள்."

முதல் ஓட்டம்

தேவன் அண்ணையின் கார், றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயில் வாசலில் திருஷ்டி கழிய நாலு தேசிக்காயை, அதாவது எலுமிச்சையை, நசித்த பிறகுதான் முதன்முதலாக றோட்டில் இறங்கியது. ஸ்ட்ரீட்காருக்கு எட்டுச் சக்கரம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை எட்டுத் தேசிக்காய் கொண்டுவந்து, ஒருவருக்கும் தெரியாமல் தண்டவாளத்தில் சக்கரத்துக்கு ஒன்றாக வைத்துவிட்டார்.

பில் கைப்பிடியைத் திருப்பினார். காய்கள் நசிந்தன. சக்கரங்கள் சாற்றில் வழுக்கி, நின்ற இடத்திலேயே கிறீச்சிட்டுச் சுற்றின. வண்டி அசையவில்லை. குழுவினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

"கண்ணூறு கழியுது, பேசாமல் நில்" என்றார் அண்ணை.

பில் இறங்கி ஒரு தோலை எடுத்து முகர்ந்தார். அண்ணை தலையைக் குனிந்துகொண்டு, புது வாகனத்துக்கு நாங்கள் இப்படித்தான் செய்வது என்றார். பில் தோல்களைக் காலால் தள்ளி, தண்டவாளம் முழுக்க மணல் தூவிவிட்டு ஏறினார். வண்டி ஒருமுறை குலுங்கி, மணியடித்துக்கொண்டு ஷெட்டை விட்டு வெளியே போனது. குழுவினர் கைதட்டினார்கள். பில் திரும்பிவந்து அண்ணையிடம் சொன்னார்:

"பனியில் வழுக்கியிருக்கிறேன், இலையில் வழுக்கியிருக்கிறேன். சர்பத்தில் வழுக்கியது இன்றைக்குத்தான்."

எதை எதற்கு அடியில் வைக்கக்கூடாது என்பதுதான் எனக்குக் கிடைத்த முழுக் கனேடியன் எக்ஸ்பீரியன்சும்.

அடுத்த ஞாயிறு, வண்டியை எடுக்குமுன் பில் மணல் தூவினார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்து, தண்டவாளத்தில் படாமல், முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.