முதல் பிடி அரிசி போட்ட எங்கள் அக்கா

முனீஸ்வரர் கிருபையால், எங்கள் அக்கா அவர்களின் முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கு உடன்பிறந்த தங்கையின் வணக்கம்.

அக்கா பிறந்தது பர்மாவில், ரங்கூன் பக்கம். இனி அங்கே பிழைக்க முடியாது என்றானதும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்கள் குடும்பம் கப்பலேறியது. அக்கா அப்போது சிறுபிள்ளை. வந்த சில மாதங்களில் நான் ஆம்பூரில் பிறந்தேன். அப்பா தோல் பதனிடும் வேலைக்குப் போனார். அக்கா ஷூ கம்பெனியில் தைத்து என்னைப் படிக்க வைத்து, கல்யாணமும் செய்து வைத்தார்கள். அதற்கு நான் என்றும் கடன்பட்டவள்.

ஆனால் பர்மா முழுவதும் அக்காவுக்கே சொந்தம். அம்மாவோடு பர்மிய பாஷையில் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். என்னவென்று கேட்டால், உனக்குப் புரியாது என்பார்கள். அம்மா போன பிறகு அத்தோ என்னும் பர்மா நூடுல்ஸ் பிசைவதிலிருந்து, பர்மாவிலிருந்து வந்த வீடுகள் சேர்ந்து ஆடியில் முனீஸ்வரருக்குப் பொங்கல் வைப்பது வரை எல்லாம் அக்கா கையில். கப்பலில் வந்தவர்தான் பானையில் முதல் பிடி அரிசி போட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். வருடா வருடம் அக்கா போடுவார்கள்; நான் விறகு தள்ளுவேன். தங்கச்சியும் போடட்டுமே என்று யாராவது சொன்னால், "அவ இங்க பொறந்தவ" என்று அக்காவே முடித்துவிடுவார்கள். என் வயிறு எரிந்த மாதிரி அந்த அடுப்புகூட எரிந்திருக்காது.

கப்பலில் வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய், அக்கா மட்டும் மிஞ்சினார்கள். அவர்கள் வேலூரில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பொங்கலை நடத்தும் பெரியவர் பார்க்க வந்தார். இனி அரிசி போட ஆளில்லையே, நிறுத்திவிடலாமா என்று தயங்கிக் கேட்டார். அக்கா என்னைக் காட்டினார்கள்.

"இவ போடுவா. இவளும் கப்பல்ல வந்தவதான். அம்மா வயித்துல."

பெரியவர் போனதும் நான் விடவில்லை. "இத்தன வருஷமா இத ஏன்க்கா சொல்லல?"

"நீ பொறந்ததும் அம்மா மடி உனக்குப் போய்டுச்சி. கப்பலாவது எனக்கு இருக்கட்டும்னு இருந்துட்டேன்."

என்னைப் பார்த்தும் ஒருவர் பொறாமைப்பட முடியும் என்று அன்றுதான் தெரிந்தது. அந்த வாரமே அக்கா இறைவனடி சேர்ந்தார்கள். ஆடியில் அரிசியை நான் போட்டேன். குறையில்லாமல் பொங்கியது.

ரத்தம் கொடுத்த ஷூ கம்பெனிப் பிள்ளைகளுக்கும், மாறி மாறித் துணையிருந்த மருமகள்களுக்கும், துக்க வீட்டில் அடுப்பு மூட்ட விடாமல் எல்லோருக்கும் சாப்பாடு கொண்டுவந்த பக்கத்து வீட்டு பாய் குடும்பத்துக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

அக்கா இந்நேரம் அம்மாவிடம் போய்ச் சேர்ந்திருப்பார்கள். நான் போகிற வரைக்கும் அந்த மடி அவர்களுக்கு மட்டும்தான். முனீஸ்வரர் பார்த்துக் கொடுத்ததுதான். ஆனாலும் எனக்குப் பொறுக்கவில்லை.

தங்கை