கும்பார் கொடுத்த பட்டன் டயர்

ஹரிதிமோஸிடம் முந்நூறு ஆடுகளும் ஒரு மோட்டார் சைக்கிளும் உண்டு. ஆடுகளை அதட்டிப் பேசுவார், வண்டியிடம் கெஞ்சிப் பேசுவார். எங்கள் தீவின் சிலோரிட்டிஸ் மலைமேல் இருக்கும் அவருடைய பட்டிக்குப் போகும் தடத்தைப் பாதை என்று சொல்வது ஊர்க்காரர்களின் பெருந்தன்மை. ஏழு கிலோமீட்டரும் சுண்ணாம்புக்கல். அதுவும் மழை அரித்து அரித்துக் கத்தி முனையாக நிற்கிற கல். அந்தக் காலத்தில் கழுதைக் குளம்பைத் தின்றது, இப்போது டயரைத் தின்கிறது.

டயர் விஷயத்தில் ஹரிதிமோஸை யாரும் ஏமாற்ற முடியாது. விற்கிறவன் பேசிக்கொண்டிருக்கும்போதே டயரின் மேல் புடைத்து நிற்கும் ரப்பர் பட்டனில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்ப்பார். நகம் பதிந்தால் மெத்து ரப்பர். வழுவழுப்பான பாறையில் பல்லி மாதிரி ஒட்டும், கூர்கல்லில் ஒவ்வொரு பட்டனாகப் பிய்ந்து போகும். அடுத்து டயரின் பக்கத்தை முழங்காலால் அமுக்குவார். சுலபமாக மடங்கினால் கீழே வைத்துவிடுவார், இந்த மலையில் டயர் கிழிவது பெரும்பாலும் பக்கவாட்டில்தான். ரப்பர் கெட்டியாக, பக்கம் தடிப்பாக, பட்டன்களுக்கு நடுவே கல் சிக்காத இடைவெளியோடு இருக்க வேண்டும். அப்படிப்பட்டது ஈரத்தில் கொஞ்சம் வழுக்கும். வழுக்கினால் மெதுவாகப் போக வேண்டியதுதான், ஆட்டுக்காரனுக்கு என்ன ரயிலா கிளம்பிவிடப் போகிறது?

இவ்வளவு தெரிந்த மனிதர்தான் ஆறு வருஷமாக ஊருக்குள் மெத்து ரப்பர் டயரோடு வலம் வந்தார். பந்தயக்காரர்கள் ஒரே நாளில் தேய்த்துத் தூக்கி எறிகிற ரகம். காரணத்தை டயரில் தேடினால் கிடைக்காது, ஞானஸ்நானத்தில் தேட வேண்டும்.

ஹரிதிமோஸ் குடும்பத்துக்கும் வார்திஸ் குடும்பத்துக்கும் பழைய பகை. ஒரு கிடா காணாமல் போனதில் தொடங்கி இரண்டு சாவில் வந்து நின்றது. முப்பது வருஷம் இரண்டு வீட்டாரும் ஒரே காப்பிக்கடையில் உட்கார்ந்ததில்லை. கடைசியில் பாதிரியாரும் பெரியவர்களும் கூடி, எங்கள் பக்கத்து வழக்கப்படி ஒரு குழந்தையை வைத்துச் சமாதானம் பேசினார்கள். ஹரிதிமோஸின் மகள் அர்கிரோவுக்கு வார்திஸ் ஞானத்தகப்பன் ஆனார். அன்றிலிருந்து இருவரும் ஒருவரை ஒருவர் "கும்பாரே" என்றுதான் கூப்பிட வேண்டும், ஞானஸ்நானத்தால் வந்த உறவு என்று அர்த்தம். ஒருவர் கொடுத்ததை மற்றவர் குறை சொல்லக் கூடாது. சொன்னால் சமாதானத்தையே குறை சொன்ன மாதிரி.

ஆறு வருஷத்துக்கு முன்னால் வார்திஸ் கீழே கடற்கரை ஊரில் மோட்டார் சைக்கிள் கடை வைத்தார். ஈஸ்டருக்கு ஈஸ்டர் ஞானமகளுக்கு முறைப்படி மெழுகுவர்த்தியும் செருப்பும், கடை வைத்த நாளிலிருந்து அவள் அப்பாவுக்கு ஒரு பின்டயரும் கொண்டுவருவார். கடையில் இருப்பதிலேயே உசத்தியான இத்தாலி டயர்.

"உனக்குப் போய் மட்டமானதக் குடுக்க மனசு வருமா, கும்பாரே?" என்பார்.

முதல் டயர் பத்தொன்பதே நாளில் பாதிப் பட்டன்களை மலைக்குக் காணிக்கை கொடுத்தது. ஹரிதிமோஸ் வாயைத் திறக்கவில்லை. தன்னை யாருக்கும் தெரியாத ஊராகப் பார்த்துப் பஸ் ஏறிப் போய் ஒரு கெட்டி டயரும், கும்பாருக்குக் காட்ட அதே இத்தாலி ரகத்தில் இன்னொன்றும் வாங்கி வந்தார். அதோடு அந்தக் கோமாளிக்கூத்து தொடங்கியது.

ஊருக்கு மேலே கடைசி வளைவில் ஒரு பாழடைந்த தண்ணீர்த் தொட்டி உண்டு. மலையிலிருந்து இறங்கும்போது அங்கே வண்டியைச் சாய்த்து, சக்கரத்தை இருட்டுத் தொட்டிக்குள் எடுத்துப் போய், கெட்டி டயரைக் கழற்றி, அங்கே ஒளித்து வைத்திருக்கும் கும்பார் டயரை மாட்டிக்கொண்டு ஊருக்குள் நுழைவார். திரும்பும்போது மறுபடி கழற்றி மறுபடி மாட்டுவார். வாரத்துக்கு இரண்டு தடவை, ஆறு வருஷம். நெம்புகம்பி இடித்து இரண்டு விரல் நகங்கள் கறுத்தே போயின. தொட்டிப் பக்கம் அவருக்கு யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்றுகூட ஊரில் பேசிக்கொண்டார்கள். அதையும் பொறுத்துக்கொண்டார், பாவம்.

ஊருக்குள் இரண்டு தெரு மட்டும் ஓடுகிற டயர் எங்கே தேயப்போகிறது? ஒவ்வொரு ஈஸ்டருக்கும் வார்திஸ் குனிந்து பார்த்து அசந்து போவார்.

"வருஷம் முழுக்க அந்தக் கல்லுல ஓடியிருக்கு, ஒரு பட்டன் போகலையே! இத்தாலிக்காரன் இத்தாலிக்காரன்தான்யா!"

"எல்லாம் கடவுள் புண்ணியம்" என்பார் ஹரிதிமோஸ், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

இந்த வசந்தத்தில் வார்திஸ் அதே டயரை மற்ற ஆட்டுக்காரர்களுக்கும் விற்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஹரிதிமோஸின் வண்டியைக் காட்டி, முழு நம்பிக்கையோடு விற்றார். எட்டுப் பேர் வாங்கினார்கள், எட்டும் ஒரு மாதத்துக்குள் கந்தலாயின. ஹரிதிமோஸின் சித்தப்பா மகன் ஸிஃபிஸுக்கு டயர் ஓடைச் சரிவில் கிழிந்து, தோளெலும்பு முறிந்தது.

ஜூன் மாதம் ரோமம் கத்தரிக்கும் நாள் வந்தது. இரண்டு குடும்பமும் மலையேறி வந்திருந்தன. அண்டாவில் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. வார்திஸும் அவர் அண்ணன் தம்பிகள் மூன்று பேரும் கத்தரியோடு குனிந்திருந்தார்கள். ஸிஃபிஸ் கையைத் துணியால் கழுத்தோடு தொங்கவிட்டுக் கட்டிக்கொண்டு வந்தான். மறு கையில் இருந்த கிழிந்த டயரை வார்திஸின் காலடியில் வீசினான்.

"இந்தா, உன் இத்தாலி! கும்பாருக்கு மட்டும் நல்ல சரக்கு, எங்களுக்குக் குப்பையா?"

"எல்லாம் ஒரே டயர்தான், ஸிஃபிஸ். உனக்கு ஓட்டத் தெரியலன்னா நான் என்ன பண்ண?"

"எட்டுப் பேருக்குமா ஓட்டத் தெரியல? உங்க குடும்பப் புத்தி போகுமா? அன்னைக்குக் கிடா, இன்னைக்கு டயர்!"

ஞானஸ்நானம் நடந்த நாளிலிருந்து பதினெட்டு வருஷமாக யாரும் வாயில் எடுக்காத கிடா. வார்திஸின் அண்ணன் ஆட்டை விட்டுவிட்டு எழுந்தார். கத்தரியை மட்டும் கீழே வைக்கவில்லை. பாதி கத்தரித்த ஆடு கூட்டத்துக்கு நடுவே ஓடியது, யாரும் பிடிக்கவில்லை.

ஹரிதிமோஸ் தன் கத்தரியைக் கீழே வைத்தார். வாயைத் திறந்தால் கும்பாரை எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தியதாகும். மூடிக்கொண்டால் ஒரு நிரபராதிக்குத் திருட்டுப்பட்டம், அதற்கப்புறம் என்ன நடக்கும் என்பது இரண்டு வீட்டுக்கும் தெரியும். விறுவிறுவென்று குடிலுக்குள் போனார். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று வண்டியில் கும்பார் டயரை மாட்டிவிட்டு, கம்பளி மூட்டைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த கெட்டி டயரை உருட்டிக்கொண்டு வந்தார்.

"வார்திஸ் யாரையும் ஏமாத்தல. ஏமாத்தினவன் நான். மலையில நான் ஓட்டுறது இதுலதான். அவன் குடுத்தது மலையில பத்தொம்பது நாளுதான் தாங்குச்சு, அதப் போட்டுக்கிட்டு ஊருக்குள்ள மட்டும் சுத்துவேன். தொட்டிகிட்டக் கழட்டி மாத்திப்பேன். ஆறு வருஷமா."

வார்திஸ் அந்த டயரை வாங்கிக் கட்டைவிரல் நகத்தை அழுத்தினார். பக்கத்தை மடக்கிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"பத்தொம்பது நாளுதான் தாங்குச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்றது, கும்பாரே? நீ குடுத்தது."

"அதுக்காக வாரம் ரெண்டு தடவ கழட்டி மாட்டுவியா?"

"ஆமா."

"தனியாவா?"

"தனியாத்தான். கூட ஆள் வச்சா வெளிய தெரிஞ்சுடாதா?"

அர்கிரோதான் முதலில் சிரித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அந்தத் தொட்டிக்காரி இதுதானாப்பா?" என்றாள். ஸிஃபிஸின் வாய் கோணியது. வார்திஸின் அண்ணன் தன் கையிலிருந்த கத்தரியைப் பார்த்துவிட்டு, ஆட்டைத் தேடிப் போனார்.

வார்திஸ் மட்டும் சிரிக்கவில்லை. பட்டன்களின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தவர் திடீரென்று கத்தினார்.

"அட மடையா! இத்தன வருஷமும் தலகீழா மாட்டியிருக்க! பட்டன் பின்னால தேஞ்சிருக்கு பாரு. சுத்துற திசைக்கு அம்புக்குறி போட்டிருக்கே, கண்ணு தெரியல?"

"இருட்டுத் தொட்டிக்குள்ள அம்பு எங்க தெரியுது?"

வார்திஸ் ஹரிதிமோஸின் கறுத்த நகங்களைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு, எல்லார் முன்னாலும் கல்தரையில் மண்டி போட்டு, வண்டியின் பின்சக்கரத்திலிருந்து தன் இத்தாலி டயரைத் தானே கழற்றத் தொடங்கினார்.

"ஸிஃபிஸ், உன் வண்டியையும் கொண்டா. எட்டுப் பேருக்கும் நானே கெட்டி டயரா மாத்தித் தரேன். நீ அந்தக் கம்பிய எடு, கும்பாரே. எந்த ஊர் டயரா வேணா இருந்துட்டுப் போகட்டும், உன் வண்டிக்கு மாட்டுறது என் கை."

ஹரிதிமோஸ் கம்பியைக் கொடுத்துவிட்டு எதிரே மண்டியிட்டு, சக்கரத்தின் மறுபக்கத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.